கயிற்றில் இரண்டு முடிச்சு

முருகலட்சுமி மடியிலிருந்து ஒரு சணல் கயிற்றை எடுத்துக் கடை மேசைமேல் நீட்டினாள். கயிற்றில் இரண்டு முடிச்சு இருந்தது. மேல் முடிச்சு மகனுடைய பிடரி, கீழ் முடிச்சு இடுப்பு என்றாள்.

கடைக்காரன் தீபன் அசந்துபோனான். முதுகுக் கவசத்துக்குப் பிடரியிலிருந்து இடுப்பு வரைதான் அளவு என்பது பைக் ஓட்டுகிற பிள்ளைகளுக்கே தெரியாது. சட்டை அளவைச் சொல்லிவிட்டு நிற்பார்கள்.

அப்படி நிற்பதற்கும் அருப்புக்கோட்டையில் ஆள் வேண்டுமே. ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்கின்மேல் வைத்துக்கொண்டு, போலீஸைக் கண்டதும் தலைக்கு மாற்றுகிற ஊர் இது. தீபன் வரவழைத்த ஆறு முதுகுக் கவசமும் ஒன்றரை வருடமாக ஆணியில் தொங்கின. மில்லுக்குப் போய்வர இதெல்லாம் எதற்கு, பந்தயமா ஓட்டுகிறோம் என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

அவனுடைய அண்ணன் வேங்கடபதியும் பந்தயம் ஓட்டியவன் இல்லை. பந்தல்குடி ரோட்டில் மணல் சறுக்கி விழுந்தபோது ஹெல்மெட் போட்டிருந்தான், தலையில் ஒரு கீறல் இல்லை. முதுகெலும்பு போயிற்று, மூன்றாம் நாள் அவனும் போனான். அந்தத் துக்கத்தில் வைத்த கடை இது. வாசல் பலகையில் 'முதுகெலும்பைக் காப்போம்' என்று தீபன் தன் கையாலேயே எழுதி வைத்திருந்தான்.

"பஸ்ஸுல போகையில உங்க போர்டப் பாத்தேன் தம்பி. மறுநாளே அளவெடுத்துட்டு வந்துட்டேன்."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்கிற ஊரில், ஒரு தாயாவது முன்கூட்டியே வந்து நிற்கிறாளே. தன் அம்மாவுக்கு இது தோன்றாமல் போயிற்றே என்று தீபனுக்கு நெஞ்சு வலித்தது. இந்தப் பிள்ளையாவது பிழைக்கட்டும் என்று நினைத்தான்.

பையன் எவ்வளவு தூரம் ஓட்டுவான் என்று கேட்டான். பேர் மருதுபாண்டி, திருச்சுழியிலிருந்து இங்கே மில்லுக்கு வருவான், மழையோ வெயிலோ வண்டிதான் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் பெருமை தெரிந்தது.

"நிக்க வச்சுத்தானம்மா அளந்தீக?"

"இல்லய்யா, படுத்திருக்கையில அளந்தேன்."

தீபன் சிரித்தான். தூங்குகிற பிள்ளையைத் தெரியாமல் அளந்திருக்கிறாள், கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவான் அல்லவா. படுத்தால் முதுகு சற்று நீளும், அதற்குத் தகுந்தாற்போல் ஒரு விரற்கடை குறைத்து எடுத்தான்.

ஆமை ஓடு மாதிரி கெட்டியாக ஒன்று, மெத்தென்று துளை போட்டதாக ஒன்று, இரண்டையும் முன்னால் வைத்தான். இந்த ஊர் வெயிலுக்கு, தினமும் போட, மெத்தென்றதே நல்லது, சட்டைக்குள்ளேயே அடங்கிவிடும் என்று பொறுமையாக விளக்கினான். அவள் இரண்டையும் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். நாள் முழுக்கப் போட்டிருந்தால் தோல் புண்ணாகுமா என்று கேட்டாள். உள்ளே ஒரு பனியன் போட்டால் போதும் என்றான்.

"எத்தன நாளைக்குய்யா போடணும்?"

"வண்டி ஓட்டுற காலம் வரைக்கும் போடணும்மா."

"வண்டி ஓட்டுற காலம் வரைக்கும்..." என்று அவள் ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. வீட்டுக்காரர் இதெல்லாம் வீண் செலவு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம், அவர் கிடக்கிறார் என்றாள்.

வீண் இல்லை என்றான் தீபன். வெளியாளிடம் சொல்லாத அண்ணன் கதையை அவளிடம் சொன்னான். அவள் அழுதாள், அவனுக்கும் அழுகை வந்தது. வாங்கின விலைக்கே கொடுத்து, வார்களை எப்படி மாட்டுவது என்று தன் முதுகிலேயே போட்டுக் காட்டினான். ஒன்றரை வருடம் கழித்து ஓர் ஆணி காலியானதில், அண்ணனுக்கே எதையோ செய்துவிட்ட நிம்மதி வந்தது.

கவசத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கியவள், கீழ்ப்படியில் நின்று திரும்பினாள்.

"நாலு மாசமா படுத்தே கெடக்கான் தம்பி, இதப் போட்டா ஒடஞ்ச எலும்பு கூடி எந்திருச்சிருவான்ல?"