அசல்தான்

பழம்பொருள் வியாபாரி குலோத்துங்கன் அந்த ஜெர்மன் தலைக்கவசத்தை விளக்கருகே பிடித்துத் திருப்பினார். போலிகள் நிறைய வருவதால் முதலில் கையில் வைத்து எடை பார்த்தார். மணல் நிறச் சாயம் உரிந்த இடங்களில் பழைய சாம்பல் நிறம் தெரிந்தது. உள்ளே இருந்த தோலை மெல்லப் புரட்டியதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. வியர்வைக் கறையோடு ஒரு செம்பட்டை முடி ஒட்டியிருந்தது.

"அசல்தாம்மா. போர்ல ஒருத்தன் போட்டிருந்ததேதான். முடியைப் பாருங்க."

அதைக் கொண்டுவந்திருந்த அன்னபாக்கியம் முடியைப் பார்க்கவில்லை; அவர் முகத்தையே பார்த்தாள்.

"எங்கப்பா ரெண்டாம் உலகப் போர் சமயத்துல பட்டாளத்துல இருந்தவருங்க. குடிச்சா அழுவாரு. பாலைவனத்துல தூங்கிட்டிருந்த ஒரு பையனைச் சுட்டுட்டு இதை எடுத்தேன்னு சொல்லுவாரு. பம்பாய்ச் சந்தையில வாங்கிட்டு வந்து கதை விடுறாருன்னு அம்மா சொல்லும். நீங்களும் போலின்னு சொல்லுவீங்கன்னு நெனச்சுத்தான் வந்தேன்."

தன் முகத்தில் சிரிப்பு இன்னும் இருப்பதைக் குலோத்துங்கன் அப்போதுதான் உணர்ந்தார்.

"முடியை வச்சு மட்டும் சொல்லிட முடியாதும்மா. நானே சில தடவை ஏமாந்திருக்கேன். இப்போ பாத்தா சாயம்கூடப் புதுசு மாதிரிதான்..."

"வேணாங்க," என்றாள் அவள். "நீங்க சந்தோசப்பட்டதைத்தான் பாத்துட்டேனே."

ஆனால் அவள் எழுந்து போகவில்லை.

"அந்தப் பையனுக்கு என்ன வயசிருக்கும்னு இதுல தெரியுமா?"

கவசத்தின் உள்விளிம்பில் தலையின் அளவைக் குறிக்கும் எண் பொறித்திருந்தது. அவர் கைக்கு இதுவரை வந்தவற்றிலேயே அதுதான் மிகச் சிறியது.

"அதெல்லாம் தெரியாதும்மா," என்று சொல்லிவிட்டு, கவசத்தை அவர் மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.