பால் க்யூவில் ஒரு கணக்குப் புலி

"ஏண்டா சேஷு, நீயா பால் க்யூவில நிக்கறே?"

ஏப்ரல் பிறந்தும் மங்கி கேப்பைக் கழற்றாத வைத்தி மாமா பதறிப்போனார்.

1978. லக்ஷ்மிபாய் நகர் பால் பூத். அந்தக் காலத்து டெல்லியில் பொழுது விடிவதே அந்தக் க்யூவில்தான். ஆளுக்கு முன்னால் பை வந்து நிற்கும், பைக்கும் முன்னால் ஒரு கல் வந்து இடம் பிடித்திருக்கும். பால் வருவதற்குள் ஊர்வம்பு அத்தனையும் பேசித் தீர்ந்துவிடும். இப்போது நினைத்தாலும் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

சேஷு பம்பாயில் கணக்குப் புரொபசர். போன மாதம்தான் ஜப்பானில் ஒரு கணக்கு மாநாட்டில் பேசிவிட்டு வந்திருந்தான். லீவுக்குத் தங்கை வத்சலா வீட்டுக்கு வந்த இடத்தில், கையில் இரண்டு காலி பாட்டில்.

"வத்சலா எங்கே? தூங்கறாளா?"

"இல்லை மாமா. முழிச்சுண்டுதான் இருக்கா."

"அச்சா! முழிச்சுண்டே உன்னை அனுப்பினாளா? ரொம்ப அழகு!"

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. க்யூ முழுக்கக் கேட்கும்படி ஆரம்பித்தார்.

"உங்கப்பா வெங்கடராமன் எங்க ஆபீசுக்கே கணக்குப் புலி. புலிக்குப் பிறந்தது பூனையாகுமா? நீ அப்படியே அவர் அச்சு. அவளைப் பாரு, டைப் அடிச்சுண்டு கிடக்கா."

"நாங்க ரெட்டை, மாமா."

"எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரிக்கு டாங்கா வண்டி பிடிச்சதே நான்தானே! ஒரே வயிறு, ஒரே ரத்தம். மூளையை மட்டும் உனக்குக் கொடுத்துட்டான் பகவான். ஓரவஞ்சனைக்காரன்!"

"பகவான் இல்லை மாமா. அப்பா."

"என்னது?"

"ஸ்கூல்ல என்னைவிட அவதான் சட்டுனு கணக்குப் போடுவா. ஆனா தினம் விடியற்காலையில அப்பா என்னை விளக்கடியில உட்காரவச்சுக் கணக்கு சொல்லித் தருவார். அவ கையில பாட்டிலைக் கொடுத்து இங்கே அனுப்பிடுவார்."

மாமா கேப்பைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது பழைய கதைடா. அதுக்காக இப்போ நீ ஏன் வந்து நிக்கணும்?"

"ஜல்தி, பாபுஜி!" என்றாள் பூத்தில் இருந்த பெண்.

சேஷு பாட்டில்களை நீட்டினான்.

"தபால்ல எம்.ஏ. கணக்குப் படிக்கறா, மாமா. இன்னிக்குப் பரீட்சை. அவ விளக்கடியில உட்கார்ந்திருக்கா. பால் இன்னிக்கு என் முறை."