அடுக்களை மயில்

இந்தச் சன்னலையும் அடைத்துவிட்டால் சாரல் இறங்குவதை எங்கிருந்து பார்ப்பது? உலகம்மாள் தனக்குள் கேட்டுக்கொள்கிறாள். குற்றாலத்தில் இடித்த வெள்ளைக்காரத் துரை பங்களாவிலிருந்து அவள் கணவன் சங்கரபாண்டி வைக்கோல் சுற்றிக் கொண்டுவந்த பழைய சுவர்ப் பூ ஓடுகள் பன்னிரண்டையும் சேர்த்தால் ஒரு நீல மயில். எட்டு ஓடுகள் அடுப்புக்கு மேலே சுவரில் ஏறிவிட்டன. ஈரச் சுண்ணாம்பு மணக்கிறது. கரி படிந்த அடுக்களைக்குள் மயிலின் கழுத்து மட்டும் மினுங்குகிறது. வால் வரவேண்டிய இடத்தில்தான் சன்னல். அதில் மலை ஒரு சாண் அகலத்துக்குத் தெரிகிறது, அதன்மேல் மேகம் சரிந்துகொண்டிருக்கிறது. வாழ்க்கைப்பட்டு வந்த இருபத்தைந்து வருஷத்தில் அவளுக்கென்று வாய்த்தது அந்த ஒரு சாண்தான்.

“சன்னல அடைச்சாத்தான் மயிலுக்கு வாலு, அண்ணாச்சி. இல்லன்னா இது கோழிதான்” என்று சிரிக்கிறான் கொத்தன் இசக்கி.

“அடைச்சிருலே” என்ற சங்கரபாண்டி அவள் பக்கம் திரும்புகிறான். “ஏட்டி, மலை எங்கன ஓடிரப்போவுது? சம்பந்தி வீட்டுப் பொம்பளைய வந்தா வாயப் பொளந்து பாப்பாளுவ. சரின்னு சொல்லு.”

இசக்கி கரண்டியில் சுண்ணாம்பை அள்ளிக்கொண்டு காத்திருக்கிறான். உலகம்மாள் சன்னல் கம்பியைப் பிடிக்கிறாள். அது சில்லென்று நனைந்திருக்கிறது.

“கோழியாவே இருந்துட்டுப் போவட்டும்” என்கிறாள், குரலை உயர்த்தாமல்.