இரண்டாம் கைதட்டல்

தாடையை வைக்கச் சொன்ன இடத்தில் வைத்தாள். நெற்றியைக் கண் பார்க்கும் கருவியின் பட்டை தாங்கிக்கொண்டது.

இமைக்கக் கூடாது என்றாள் பக்கத்தில் நின்ற பயிற்சி டாக்டர்.

அவள் இமைக்கவில்லை.

எதிரே ஏ.சி. குளிரில் ஓர் இருட்டு. அங்கே நூற்றுக்கணக்கில் கண் டாக்டர்கள் உட்கார்ந்திருப்பதாக ஆஸ்பத்திரி வேனில் வரும்போதே சொல்லியிருந்தார்கள். மதுரையில் பெரிய ஓட்டல். டாக்டர்களின் மாநாடு. உங்கள் கண்ணைத்தான் எல்லாரும் பார்க்கப்போகிறார்கள் என்றார்கள். குளித்து, நல்ல சேலை உடுத்தி வந்திருந்தாள்.

தூத்துக்குடி உப்பளத்தில் வருஷக்கணக்காக வெயிலைப் பார்த்த கண்கள். இப்போது இரண்டிலும் வெள்ளையாகப் புரை. வெளிச்சம் தெரியும். ஆள் தெரியாது.

மகள் இசக்கி இறால் கம்பெனி வேலையை விட்டுவிட்டு அவளைக் கைப்பிடித்து நடத்துகிறாள். கழிப்பறை வரைக்கும்.

இசக்கியை உள்ளே விடவில்லை. கதவுக்கு வெளியே நிற்கிறாள்.

பளீரென்று ஒன்று கண்ணில் அடித்தது.

மேடைத் திரையில் அவள் கண்ணின் உட்புறம் விரிந்தது. வெறும் மூட்டம். புரைக்குப் பின்னால் எதுவும் தெரியவில்லை.

பெரிய டாக்டர் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அரங்கு சிரித்தது. படத்தைத் துலக்கும் புது மென்பொருளை ஓடவிட, கம்ப்யூட்டரில் ஒரு விசையைத் தட்டினார்.

திரையில் மூட்டம் விலகியது. ரத்தக்குழாய்கள் மெல்லிய வேர்களாக எழுந்து வந்தன.

கைதட்டல்.

"என்னம்மா சொல்லுதாவ?" என்று கேட்டாள்.

பயிற்சி டாக்டர் குனிந்தாள்.

"படம் தெளிவா வந்திருச்சாம்."

தெளிவு என்ற சொல்லை மட்டும் அவள் எடுத்துக்கொண்டாள். எழுந்து கும்பிட்டாள். ஆட்கள் எந்தப் பக்கம் என்று தெரியாததால் மூன்று பக்கமும் கும்பிட்டாள்.

பெரிய டாக்டர் ஒரு சிவப்புப் புள்ளியைத் திரையில் ஓட்டினார். நடுவே குழிந்து வெளுத்த வட்டத்தில் நிறுத்தினார். இதுதான் பார்வை நரம்பு. கண் அழுத்தம் இதை எப்போதோ ஏறக்குறைய முழுதாகக் கொன்றுவிட்டது. மறு கண்ணும் இப்படித்தான். புரையை எடுத்தாலும் இந்த அம்மாவுக்குப் பயனில்லை. இந்த மென்பொருள் இல்லாவிட்டால் வீணாக ஓர் ஆபரேஷன் செய்திருப்போம்.

எல்லாம் ஆங்கிலத்தில்.

மறுபடி கைதட்டல். முன்னைவிடப் பலமாக.

இம்முறை அவளும் சேர்ந்து தட்டினாள்.

பயிற்சி டாக்டர் அந்தக் கைகளைப் பிடித்தாள். உப்பு அரித்துக் காய்ப்பேறிய கைகள். அவை இன்னும் தட்டத்தான் பார்த்தன.

அடுத்த நோயாளியை அழைத்துவரும்படி மேடையிலிருந்து சைகை வந்தது.

பயிற்சி டாக்டர் அவளை நடத்திவந்து கதவைத் திறந்ததும் இசக்கி ஓடிவந்தாள்.

"ஏட்டி, தெளிஞ்சிட்டாம்ட்டி. எத்தன டாக்டர் கை தட்டுனாவ தெரியுமா? இனும நீ வேலைக்குப் போ."

இசக்கி டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். ஆபரேஷன் எப்போது என்று கேட்டாள்.

டாக்டர் வாயைத் திறந்தாள். உள்ளே டாக்டரின் பெயரை மைக்கில் கூப்பிட்டார்கள்.

"சொல்லி அனுப்புறோம்."

திரும்பி நடந்தாள். கனத்த கதவு மெதுவாகத்தான் மூடியது. அதற்குள் இசக்கி போனில் பேச ஆரம்பித்திருந்தாள்.

"அண்ணே, இசக்கி பேசுதேன். அம்மைக்குச் சரியாயிட்டு. கம்பெனில எனக்கு எடம் இருக்கா?"