சிமெண்டுக் கன்று

துணியை இழுத்ததும் முதலில் கண்ணில் பட்டது தலைவர் இல்லை, கன்றுக்குட்டி.

சிமெண்டுக் கன்று. புதுப் பெயிண்ட் மினுங்க, தலைவர் அருமநாயகத்தின் காலோடு ஒட்டி நின்றது. அவருடைய வலது கை அதன் நெற்றியில் இருந்தது.

உதியன்குளங்கரை வாசகசாலை முன்னால் கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மிணி மட்டும் தட்டவில்லை. தலைவரின் ஒரே மகள் அவள்.

எழுபத்து நாலு வயதில் ஒரு கன்றுக்குட்டி மேல் பொறாமை வரலாமா? வந்தது. என்ன செய்ய.

அப்பாவின் முகம் அவளுக்கு நினைவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலில், எல்லையில் தமிழுக்காகப் போராட்டம் நடந்தபோது போலீஸ் அவரைத் தேடியது. வெள்ளறடைப் பக்கம் மலையடிவாரத்தில் ஒளிந்தவர், காய்ச்சல் கண்டு அங்கேயே போய்ச் சேர்ந்தார். அடுத்த வருஷமே அம்மாவும்.

மாமன் வீட்டில் எடுத்து வளர்த்தார்கள். சோறு போட்டார்கள், பள்ளிக்கூடம் அனுப்பினார்கள், குறை சொல்லக் கூடாது. கல்யாணப் பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை. பிறகு மாமனும் போய், மாமன் மக்களும் ஆளுக்கொரு ஊராகப் பிரிந்தபின், ஒருத்திக்கு மட்டும் உலை வைக்கப் பழகிக்கொண்டாள்.

மூன்று மாதம் முன்னால் கொல்லயிலில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, உத்தரத்தில் செருகியிருந்த மூங்கில் குழாயில் ஏழு கடிதங்கள் கிடைத்தன. தலைவர் ஒளிவிலிருந்து மனைவிக்கு எழுதியவை. கொண்டுவந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டிய ஆள், போலீசுக்குப் பயந்து தன் வீட்டில் ஒளித்து வைத்திருக்கிறார். வாசகசாலையில் இருந்த தலைவரின் கையெழுத்தோடு ஒத்துப் பார்த்து அவருடையவைதான் என்று உறுதி செய்தார்கள்.

அம்மிணிக்குத் தமிழ் பேசத்தான் தெரியும். ஊர் மலையாளப் பக்கமே நின்றுவிட்டதால் படித்ததெல்லாம் மலையாளம். தமிழுக்காக ஓடி ஒளிந்தவரின் மகள், அவர் எழுதிய ஒரு வரியை வாசிக்க வழியில்லாமல் வாசகசாலைச் செயலாளர் மனுவிடம் போய் நின்றாள்.

"என்னயப் பற்றி என்ன எழுதியிருக்காரு மக்கா?"

மனு ஏழையும் இரண்டு தடவை படித்தான். நல்லவன், பொய் சொல்ல வரவில்லை.

"ஆளுக பேரே ஒண்ணும் இல்ல மாமி. அவருக்க பேருகூட எழுதேல்ல. எல்லாம் மாட்டுக் காரியம் ஆக்கும்."

பசு நேரத்துக்குத் தின்கிறதா, கன்றுக்குக் காய்ச்சல் விட்டதா. ஏழிலும் இதேதான். ஒளிந்திருந்த இடத்திலும் வாயில்லா ஜீவனை நினைத்தாரே என்று கமிட்டிக்காரர்களுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏற்றத்தில் வண்டிமாடு மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளுவாராம் என்று ஒருவர் ஆரம்பித்தார். பாறசாலைச் சந்தைக்குப் போன மாடுகளையெல்லாம் அவிழ்த்துவிட்டாராம் என்றார் இன்னொருவர். சிலையோடு கன்றும் சேர்ந்தது அப்படித்தான்.

பெற்ற பிள்ளையைப் பற்றி ஒரு வரி கேட்கவில்லை. கடிதங்களை வரி வரியாக வாசித்துக் காட்டச் சொல்ல அம்மிணிக்கு மனசு வரவில்லை.

இப்போது தமிழ் டீச்சர் பிரசீதா மைக்கைப் பிடித்துக் கடைசிக் கடிதத்தை வாசித்தார்.

"கன்றை நாள்தோறும் காலை இளவெயிலில், மணலில் குழி தோண்டி இடுப்பளவு புதைத்து நிறுத்தவும். கத்தினாலும் தூக்கிவிட வேண்டாம். ஒரு துண்டு கருப்பட்டி வாயில் கொடுத்து, எதிரே உட்கார்ந்து கதை சொல்லவும். நான் வரும்போது அது என் முன்னால் நடந்து வர வேண்டும்."

கன்றுக்குக் கதை! கூட்டம் உருகிப்போய்க் கை தட்டியது.

அம்மிணிக்கு அது காதில் விழவில்லை. அவள் தொடையைச் சுற்றி மணல் ஏறிக்கொண்டிருந்தது. ஈர மணல். நாக்கில் கருப்பட்டி. எதிரே ஒரு சேலை, அதற்கு முகம் இல்லை, குரல் மட்டும் உண்டு. அம்மாவைப் பற்றி அவளிடம் இருந்த ஒரே ஞாபகம் அது. ஏதோ விளையாட்டு என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

மாட்டை யாராவது மணலில் நிறுத்துவார்களா? கால் தளர்ந்த பிள்ளையைத்தான் நிறுத்துவார்கள். இந்தப் பக்கத்தில் பழைய ஆள் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். கமிட்டியில்தான் பழைய ஆள் ஒருவரும் இல்லை.

போலீஸ் கையில் சிக்கினாலும் வெறும் மாட்டுக் கடிதமாக இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறார் அப்பா. ஏழு கடிதம். ஏழிலும் அவளைத்தான் கேட்டிருக்கிறார்.

"அந்தக் கன்னு பெறகு நடந்துதா இல்லியாண்ணு நமக்குத் தெரியாது" என்று டீச்சர் மைக்கில் வருத்தப்பட்டார்.

அம்மிணி எழுந்தாள். தாங்க வந்த மனுவை வேண்டாம் என்று கையைக் காட்டி நிறுத்தினாள். கம்பை நாற்காலியிலேயே சாய்த்து வைத்தாள்.

நாலாம் வயதுக் காய்ச்சலில் சூம்பிப்போன வலது காலை இழுத்து இழுத்து, சிலையைப் பார்த்து நடந்தாள். அதற்குள் பேண்டு வாத்தியம் தொடங்கிவிட்டதால், அவள் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை.

"நடந்துது அப்பா. இந்தா, வாறேன்."