ஒயர் போகாத பக்கம்

"கரண்ட் ஒயரையும் பாட்டு ஒயரையும் ஒரே பக்கமா ஓட்டி வச்சிருக்கியே, நீயெல்லாம் எத்தினி வருஷமா இந்தத் தொழில் பண்ற?"

அன்பரசு போட்ட சத்தத்தில், கடலூர் மஞ்சக்குப்பத்துக் கார் செட் கடைக்கு வந்திருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் பாண்டியன் ஸ்குரூ டிரைவரும் கையுமாகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

கனிமொழிக்குக் கூசிப்போனது. பால்காரர் பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றினாலும் 'போனா போவுது விடு' என்கிற மனுஷன். வெளியூருக்கு வந்ததும் புருஷனுக்கு எங்கிருந்துதான் இவ்வளவு வாய் முளைத்ததோ.

வண்டி மாமனார் தங்கராசுவின் பழைய ஃபியட். பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தபோது வாங்கியது. அதில் பழைய பாட்டு கணீரென்று கேட்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதற்காகத்தான் சிதம்பரத்திலிருந்து கடலூர் வரை கொண்டுவந்து, டிக்கியில் ஆம்ப்ளிஃபயர் வைக்கச் சொல்லிவிட்டுப் போய், இப்போது எடுக்க வந்திருந்தார்கள்.

முன்பக்க பேட்டரியிலிருந்து டிக்கிக்குப் போகிற கரண்ட் ஒயர் இடப்பக்கமும் பாட்டு ஒயர் வலப்பக்கமும் போக வேண்டும். பாண்டியன் இரண்டையும் வலப்பக்கமே ஓட்டிவிட்டார். அதனால் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க, பாட்டோடு சேர்ந்து 'ஙொய்' என்று ஓர் இரைச்சலும் ஏறியது.

"இடப்பக்கம் என்னாய்யா கேடு?" என்று தங்கராசு எழுந்தார். "கீழ அந்த மேட்டிங்கத் தூக்கு. நானே பாக்கறேன்."



இடப்பக்கத்துக் கேடு கனிமொழிக்குத்தான் தெரியும். மாசி மாதம், ஒரு கல்யாணத்துக்காக அப்பாவும் பிள்ளையும் பஸ்ஸில் பெண்ணாடம் போயிருந்தார்கள். டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொண்ட தைரியத்தில் ஃபியட்டை எடுத்தவள், கீரப்பாளையம் தாண்டி ஒரு மதகுக் கட்டையில் கொண்டுபோய் ஏற்றிவிட்டாள். இடப்பக்க அடித்தகடு கிழிந்தது. டிங்கரிங் பட்டறையில் அழாத குறையாகக் கெஞ்சி, அவர்கள் திரும்பி வருவதற்குள் பற்ற வைத்து வாங்கிவிட்டாள். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே தரை மேட்டிங்கைத் தூக்கினால் பற்ற வைத்த தழும்பு பல்லைக் காட்டும்.

பெற்ற பிள்ளையையே தொடவிடாத வண்டி அது. அன்றைக்குக் கிளம்பும்போது, "சாவி உங்கிட்டயே இருக்கட்டும்மா, ஒன்ன விட்டா நம்பிக் குடுக்க எனக்கு யாரு?" என்று தந்துவிட்டுப் போனவர் மாமனார். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

"நீங்க உக்காருங்கப்பா" என்று அன்பரசு குறுக்கே வந்தான். "இவன நான் பாத்துக்கறேன். ஏன்யா, வேலை தெரியலன்னா மாடு மேய்க்கப் போவேண்டியதுதான? ஊரான் வண்டின்னா ஒனக்கு எளக்காரமா?"

"தப்புதான் சார்" என்றார் பாண்டியன்.

மேட்டிங்கைத் தூக்கியபோது பாண்டியன் தழும்பைப் பார்த்திருக்கிறார், யாரோ மறைத்தது என்று புரிந்துகொண்டு காட்டிக்கொடுக்காமல் வலப்பக்கமே ஓட்டியிருக்கிறார் என்று கனிமொழி நினைத்தாள். தழும்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் தப்பித்துக்கொள்வார். அவரோ அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். 'மாமா' என்பது தொண்டைவரை வந்தது. மாமனார் நிமிர்ந்து பார்த்தார். "ஒன்னுமில்ல மாமா, வெயில்" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இவ்வளவு கேவலமானவளா நான் என்று இருந்தது.

"நடுவால கியர் பாக்ஸ் மேலயே ஓட்டிக் குடுத்துடறேன் சார்" என்றார் பாண்டியன். "கொஞ்சம் துருத்திக்கிட்டுத் தெரியும். ஆனா எரைச்சல் வராது."

"தெரிஞ்சா தெரியட்டும், பாட்டு நல்லா இருந்தா சரி" என்றார் தங்கராசு.

"ஒழுங்கா முடிச்சு வையி" என்று கடைசியாக ஓர் அதட்டல் போட்டுவிட்டு, அன்பரசு அப்பாவை எதிர்ச்சாரி டீக்கடைக்கு அழைத்துக்கொண்டு போனான்.

பின்னாலேயே போன கனிமொழி, பாதி வழியில், பையை மறந்துவிட்டதாகச் சொல்லித் திரும்பி வந்தாள்.

"அண்ணே, என்னைய மன்னிச்சுடுங்க" என்றாள். "அந்த வெல்டிங்கப் பாத்துட்டுத்தான நீங்க அந்தப் பக்கம் ஓட்டல? எனக்காவ அவர்கிட்ட இத்தன பேச்சு வாங்கினீங்களே."

பாண்டியன் பதறிப்போனார். "ஐயோ, நான் அதப் பாக்கவே இல்லம்மா. பட்டறைக்காரரு அன்னிக்கே ஒங்க வீட்டுக்காரருக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டாராம். 'எடப்பக்கம் மேட்டிங்கத் தூக்காத பாண்டியா, அப்பா கேட்டா நான் கன்னாபின்னான்னு கத்துவேன், மனசுல வச்சிக்காத'ன்னு வண்டி விடும்போதே எங்கிட்ட சொல்லிட்டுதான் போனாரு."

கனிமொழி டீக்கடைப் பக்கம் திரும்பினாள். எதிரே அன்பரசு, அப்பாவுக்கு டீயை ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"அவரு பயமெல்லாம் ஒன்னே ஒன்னுதாம்மா" என்று பாண்டியன் சிரித்தார். "'நான் ஒன்னத் திட்டறதப் பாத்தா கனிமொழிக்கு மனசு தாங்காது, வண்டிய இடிச்சது நான்தான்னு அவளே பட்டுனு உண்மையச் சொல்லிடுவா, அதுக்குள்ள அப்பாவ டீக்கடைக்கு இழுத்துக்கிட்டுப் போயிடணும்'னாரு."