கெட்லருக்கு வந்த ரயில்

டகோட்டாவின் கோதுமை வெளியில் ரயில் கம்பெனி ஏ, பி, சி என்று வரிசையாக ஊர்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டே போனது. 'கே' எழுத்துக்கு அமைந்தது கெட்லர். ஒரே தெரு. இந்த முனையில் நின்றால் அந்த முனை தெரியும். இரண்டுமே பார்க்க லாயக்கில்லை.

"இதெல்லாம் ஒரு ஊரா?" என்று காறித் துப்பிவிட்டு ஹால்வர் ரயிலேறியபோது அவன் மனைவி இர்மாவுக்கு இருபத்தாறு வயது. அவள் சாப்பாட்டுக் கடை வைத்துப் பிழைத்தாள். பிறகு கம்பெனிக்காரர்கள் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள்.

அவளுக்கு அறுபது நடக்கும்போது, ஒரு மதியம், பெட்டியும் கையுமாக ஹால்வர் கடைக்குள் நுழைந்தான். ஒரு முடிகூட நரைக்கவில்லை. அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஏ கெழவி, இர்மா எங்க? கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்."

இர்மா கரண்டியைக் கீழே வைத்தாள். அந்த இளக்காரப் பார்வையும் அப்படியே இருந்தது.

"அவளா? நீ போன மறுநாளே அடுத்த ரயில்ல போயிட்டா. உன்னவிட நல்லவன் ஒருத்தன்கூட."

ஹால்வர் முகம் சுண்டிப்போய் வயலை நோக்கி நடந்தான். சற்று நேரத்தில் கோதுமைக்கு நடுவே ரயில் கூவியது.

மூலையில் சூப் குடித்துக்கொண்டிருந்த கிழவர் கஸ்ட் தலை நிமிரவில்லை.

"தண்டவாளம் இருந்தப்பவே இந்தச் சனியன் நேரத்துக்கு வந்ததில்ல," என்றார்.